பிள்ளைக்குத் தேவை ஒரு வீடு: வளர்ப்புப் பராமரிப்பிலும் மகவேற்பிலும் திருச்சபைகள் செய்யக்கூடியவை

போர் ஓய்ந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு முதலில் கதவு திறந்தவற்றுள் திருச்சபைகளும் அவற்றின் துறவற சபைகளும் அடங்கும். பங்குமனைகள், கன்னியர் மடங்கள், மிஷன் விடுதிகள் எனக் கிடைத்த கூரையின் கீழெல்லாம் பிள்ளைகள் தங்கவைக்கப்பட்டார்கள். அந்த நேரத்தில் அது உயிர்காத்த பணி. அதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அவசர காலத்துக்கென்று எழுப்பிய கூரை ஒரு பிள்ளையின் நிரந்தர வீடாகிவிடக் கூடாது. ஐந்து வயதில் இல்லத்துக்குள் நுழைந்து பதினெட்டு வயதில் ஒரு பையுடன் வெளியே வரும் பிள்ளைக்கு, நத்தாருக்கோ பொங்கலுக்கோ போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறதா என்பதுதான் இன்று திருச்சபைகள் முன்னுள்ள கேள்வி. அந்த வாசலை உருவாக்க ஒரு பங்கோ சபையோ என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இல்லத்தில் இருப்போர் எல்லோரும் அநாதைகள் அல்லர்

சிறுவர் இல்லம் என்றதும் தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைகளே பலரின் நினைவுக்கு வருவார்கள். உண்மை வேறு. உலக அளவில் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தந்தையோ, அல்லது இருவருமோ உயிருடன் இருப்பதாக சேவ் த சில்ரன் அமைப்பு 2009 இல் சுட்டிக்காட்டியது. இலங்கையின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல.

நமது பகுதிகளில் இதற்கான காரணங்களைத் தேடி அலையத் தேவையில்லை. கணவனைப் போரில் இழந்த பெண் கூலி வேலைக்குப் போகிறார். மாலையில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. பாடசாலை தூரம். பெண் பிள்ளை பருவமடைந்துவிட்டால் தனியே விட்டுச்செல்லப் பயம். தாய் மத்திய கிழக்குக்குப் போனால் பிள்ளை அம்மம்மாவிடம் தங்குகிறது. அம்மம்மாவுக்கு இயலாமற் போனதும் யாரோ ஒருவர், "இல்லத்தில் விட்டால் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும்" என்று வழி சொல்கிறார். அந்தத் தாய் பிள்ளையைக் கைவிடவில்லை. வேறு வழியின்றிப் பாரங்கொடுக்கிறார்.

போர் முடிந்த அதே 2009 ஆம் ஆண்டின் இறுதியில், பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டல்களை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. வறுமை மட்டுமே ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதற்கான காரணமாக ஒருபோதும் அமையக் கூடாது என்பது அவற்றின் அடிப்படைகளில் ஒன்று. வறுமைதான் காரணமென்றால் நீக்க வேண்டியது வறுமையை, பிள்ளையை அல்ல.

இது உணர்ச்சிவசப்பட்ட வாதமல்ல. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வொன்றில், இல்லங்களில் வாழ்ந்த 136 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். மற்றப் பிரிவினருக்கு வழமையான பராமரிப்பே தொடர்ந்தது. ஆண்டுகள் செல்ல, குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் மனப்பிணைப்பிலும் முன்னேறியிருந்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தை அடைந்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. இல்லத்தில் உணவும் உடையும் கிடைக்கலாம். ஆனால் இரவில் அழும்போது எழுந்துவரும் அதே ஆள், நாளையும் அடுத்த வருடமும் எழுந்துவருவார் என்ற உறுதியை, ஆட்கள் முறைவைத்து மாறும் இடத்தில் கொடுப்பது கடினம்.

மூன்று வழிகள், ஓர் ஒழுங்கு

பிள்ளைக்குக் குடும்பம் வேண்டும் என்றவுடன் பலர் நேரே தத்தெடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அது கடைசியாக வரவேண்டியது.

முதலாவது, பிள்ளையின் சொந்தக் குடும்பம். தாய், தந்தை, அவர்கள் இல்லாவிடில் அம்மம்மா, அப்பப்பா, சித்தி, மாமா. இவர்களால் முடியாதிருப்பதற்குக் காரணம் பணமோ, வீடோ, நோயோ என்றால் அதைத் தீர்ப்பதே முதல் வேலை.

இரண்டாவது, வளர்ப்புப் பராமரிப்பு. பெற்றோரின் உரித்து முற்றாக அறுபடாமல், குறிப்பிட்ட காலத்துக்கு இன்னொரு குடும்பம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது இது. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை உறவினரிடமோ வேறொருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அப்படி ஒப்படைக்கப்படுபவரைச் சட்டம் 'தகுதியான ஆள்' என்கிறது. அம்மம்மாவோ சித்தியோ பிள்ளையை வைத்திருந்தாலும் இத்தகைய கட்டளை கையில் இருப்பது நல்லது. பாடசாலை அனுமதி, சத்திர சிகிச்சைக்கான சம்மதம், அடையாள அட்டை விண்ணப்பம் என ஒவ்வொரு படியிலும் "நீங்கள் யார்?" என்ற கேள்வி எழும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்க்க வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் நடத்தும் 'செவண சரண' திட்டத்தையும் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் என்றே சொல்கிறார்கள். ஆனால் அது வறிய பிள்ளையின் கல்விக்குக் கொடையாளர் ஒருவர் பண உதவி செய்யும் ஏற்பாடு. பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கும். திருச்சபைகள் இரண்டையும் வேறுபடுத்தி அறிந்து, இரண்டிலும் பங்கெடுக்கலாம்.

மூன்றாவது, மகவேற்பு, அதாவது சட்டப்படியான தத்தெடுப்பு. இது 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பம் மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்லும். விண்ணப்பிப்பவர் 25 வயதுக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவு அல்லாதவிடத்து, பிள்ளையை விடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் தேவை. பத்து வயதைக் கடந்த பிள்ளையின் சொந்தச் சம்மதமும் தேவை. பிள்ளையைக் கொடுப்பதற்கோ எடுப்பதற்கோ பணம் கைமாறக் கூடாது. கட்டளை கிடைத்ததும் பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் விபரம் பதியப்படும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் அவ்வீட்டுப் பிள்ளையாகிவிடும்.

போதகரின் கடிதமோ, பங்குத்தந்தையின் கையொப்பமோ, சத்தியக் கடதாசியோ இந்தக் கட்டளைக்கு ஈடாகாது. கோவில் விறாந்தையில் பிள்ளையைக் கைமாற்றி ஆசீர்வதித்து அனுப்பும் பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அது நிற்க வேண்டும். நல்ல மனதோடு செய்தாலும், பின்னாளில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அலையப்போவது அந்தப் பிள்ளைதான்.

காணாமலாக்கப்பட்டோரின் பிள்ளைகள்

நமது சமூகத்தில் மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. வேறு நாடுகளின் கையேடுகளில் அதற்கு நேரான விடை கிடைக்காது. 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் தந்தை சரணடைந்ததைத் தாய் கண்டார். பின்னர் தாயும் நோயில் இறந்துவிட்டார். பிள்ளையை அப்பம்மா வளர்க்கிறார். தந்தை இறந்தவரா, இருப்பவரா? இப்படியான குடும்பங்கள் வன்னியில் ஒன்றிரண்டல்ல.

மகவேற்பு என்பது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலான சட்டப் பிணைப்பை முடித்துவைப்பது. தந்தை திரும்பி வருவார் என்று வீதியோரத்தில் படத்துடன் அமர்ந்திருக்கும் அப்பம்மாவுக்கு, "பிள்ளையைத் தத்துக் கொடுங்கள்" என்ற யோசனை மகனின் மரணத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதாகவே கேட்கும். இத்தகைய இடங்களில் மகவேற்பை அவசரப்படுத்தக் கூடாது. பிள்ளைக்குப் பாதுகாப்பும் ஆவணமும் கிடைக்கத் தகுதியான ஆள் கட்டளையோ பாதுகாவலர் நியமனமோ பொதுவாகப் போதுமானது. அது யாருடைய நம்பிக்கையையும் பறிப்பதில்லை.

மரணச் சான்றிதழ் பெறாமலே குடும்ப அலுவல்களைக் கவனிக்க, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் ஏற்பாடு 2016 இல் சட்டமாக்கப்பட்டது. அதனையும் ஏற்க மறுக்கும் குடும்பங்கள் உண்டு. நீதி கிடைக்காமல் கடதாசி மட்டும் எதற்கு என்பது அவர்களின் கேள்வி. அதைப் பெறுவதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. திருச்சபையின் வேலை வற்புறுத்துவதல்ல, சட்டத்தரணி ஒருவரை அழைத்து வந்து அருகில் அமர்த்தி விளக்கம் பெற்றுக்கொடுப்பது.

1980களின் பாடம்

பிள்ளைகளை நல்ல குடும்பங்களுக்குக் கொடுக்கிறோம் என்ற பேச்சு இலங்கையில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மறக்கக் கூடாது. 1980களில் இந்நாட்டிலிருந்து சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. போலி ஆவணங்களும், நீதிமன்றில் தாயாக நடிக்க அழைத்துவரப்பட்ட பெண்களும், குழந்தைகளைத் திரட்டி வைத்திருந்த வீடுகளும் இருந்தமை 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் மூலம் பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. இலங்கையிலிருந்து நடந்த தத்தெடுப்புகளில் இருந்த முறைகேடுகளைச் சுவிட்சர்லாந்து அரசு 2020 இல் ஏற்று வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. இன்று நடுவயதை எட்டும் அந்தப் பிள்ளைகள் மரபணுப் பரிசோதனையுடன் தாய்மாரைத் தேடி இங்கு வருகிறார்கள்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்த அச்சத்தாலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்தெடுப்பது உடனடியாகத் தடுக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், அப்பிள்ளைகளை வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைப்பதற்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் மேற்பார்வையுடன் கூடிய முறையை வகுத்தது. பேரழிவு ஒன்றின் பின் முதலில் உறவினரைத் தேட வேண்டும், பிள்ளையை உடனே எங்கும் அனுப்பிவிடக் கூடாது என்ற பாடத்தை இந்நாடு அப்போதே கற்றிருந்தது.

ஒரு பங்கு என்ன செய்யலாம்?

அமெரிக்காவின் கிழக்கு டெக்சஸில் பொசம் ட்ரொட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பெனட் சப்பல் என்ற சிறிய கறுப்பின சபையைச் சேர்ந்த 22 குடும்பங்கள், அரச பராமரிப்பில் இருந்த 77 பிள்ளைகளைத் தத்தெடுத்தன. வசதியான மக்களல்லர். போதகரும் மனைவியும் முதலில் தங்கள் வீட்டைத் திறந்தார்கள், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். அங்கே பிள்ளைகளைத் தெரிவுசெய்ததும் ஆவணப்படுத்தியதும் சபையல்ல, அரச சிறுவர் சேவையே. சபை செய்தது குடும்பங்களை முன்வரச் செய்ததும், முன்வந்தவர்களைத் தனியே விடாததும்.

நமது சூழலில் இதை எப்படிச் செய்யலாம்?

முதலாவது, பிரிவைத் தடுத்தல். பிள்ளையை இல்லத்தில் சேர்க்க உதவி கேட்டு ஒரு தாய் பங்குத்தந்தையிடம் வரும்போது, அனுமதிக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம்: "என்ன இருந்தால் பிள்ளையை உங்களுடனேயே வைத்திருப்பீர்கள்?" பதில் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். ஒரு துவிச்சக்கர வண்டி, மாலை நேரத்தில் பிள்ளை பாதுகாப்பாக இருக்க ஓர் இடம், கூரைத் தகரம், நுண்கடன் தவணை. புனித வின்சென்ட் டி போல் சபையோ மாதர் சங்கமோ கூடித் தீர்க்கக்கூடியவை இவை. பங்கு மண்டபத்தைப் பாடசாலை முடிந்து மாலை ஆறு மணி வரை திறந்து வைத்தாலே சில பிள்ளைகள் வீட்டை விட்டுப் போகாமல் இருப்பார்கள்.

இரண்டாவது, வளர்க்கும் குடும்பத்தைச் சுற்றி ஆட்களை நிறுத்துதல். ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்கு நான்கைந்து வீடுகள் துணையாகட்டும். ஒருவர் வாரம் ஒருநாள் சமைத்துக் கொடுக்கலாம். ஒருவர் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லலாம். ஓர் ஆசிரியர் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். முதிய அம்மம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைக்கலாம். வளர்ப்பு முறிவதற்குப் பல இடங்களில் காரணம் அன்பின்மை அல்ல, களைப்பு.

மூன்றாவது, ஆவண உதவி. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்வரும் செலவு, சட்டத்தரணியின் கட்டணம், காலங்கடந்த பிறப்புப் பதிவு ஆகியவை ஏழைக் குடும்பத்துக்கு மலைபோன்றவை. சபையில் ஒரு சட்டத்தரணியோ ஓய்வுபெற்ற கிராம அலுவலரோ இருப்பார். மாதம் ஒருநாள் அவர் மண்டபத்தில் அமர்ந்தால் அது பெரிய தொண்டு.

நான்காவது, மனநிலையை மாற்றுதல். பிள்ளையில்லாத பெண்ணைச் சாடைபேசும் வழக்கமும், எடுத்து வளர்த்த பிள்ளையின் சாதியையும் பிறப்பையும் விசாரிக்கும் வழக்கமும் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. கல்யாணப் பேச்சில் அது பகிரங்கமாகவே வெளிவரும். மறையுரையிலும் பிரசங்கத்திலும் இதைப் பற்றிப் பேசாமல் வளர்ப்புக் குடும்பங்களைத் தேடிப் பயனில்லை. கத்தோலிக்கர் வணங்கும் சூசையப்பர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை. ஆற்றில் விடப்பட்ட மோசேயை அரசகுமாரி எடுத்தபோதும், அவனுக்குப் பாலூட்டியது பெற்ற தாயே. வளர்ப்பவர் பெற்றவரை அழிக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெரிந்த கதை சபைக்கு வேண்டியதில்லை.

ஐந்தாவது, இல்லங்களை விட்டு வெளியேறும் இளையோர். பதினெட்டு வயதில் வெளியே வரும் பெண்ணுக்கும் ஆணுக்கும் தங்க அறையும், பிணை நிற்க ஆளும், பண்டிகைக்குச் செல்ல வீடும் வேண்டும். அவர்களை யாரும் இனித் தத்தெடுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு குடும்பம், "இது உன் வீடு" என்று சொல்லலாம்.

செய்யக் கூடாதவை

பக்தியைத் தகுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் இருப்பவர் என்பதால் ஒருவர் பிள்ளைக்குப் பாதுகாப்பானவர் ஆகிவிடமாட்டார். வீட்டைப் பார்வையிடுதலும், பொலிஸ் அறிக்கையும், நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையும் எல்லோருக்கும் பொது. துஷ்பிரயோகம் நடந்தால் சபைக்குள் பேசித் தீர்க்கக் கூடாது. உடனே 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

மதத்தை விலையாகக் கேட்கக் கூடாது. போரினால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் சைவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை, மாற்றுப் பராமரிப்பில் பிள்ளையின் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கவனத்திற் கொள்ளச் சொல்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் இடப்பட்டன. அப்பாடசாலைகள் தந்த கல்வி பெரியது. ஆனால் உதவி பெறுவதற்காகப் பிள்ளை தன் பெயரைக் கொடுக்க வேண்டியிருந்த அந்த நிலை இன்று திரும்பக் கூடாது.

பிள்ளையைக் காட்சிப்படுத்தக் கூடாது. பீடத்தின் முன் நிறுத்திச் சாட்சி சொல்ல வைப்பதும், முகத்துடன் படமெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதும், "இந்தப் பிள்ளையின் தகப்பன் ஷெல்லில் செத்தவர்" என்று விருந்தினருக்கு அறிமுகப்படுத்துவதும் உதவியல்ல. அந்தக் கதை பிள்ளைக்குச் சொந்தமானது.

உண்மையை மறைக்கவும் கூடாது. எடுத்து வளர்த்த பிள்ளைக்கு அதன் பிறப்பைச் சிறுவயதிலிருந்தே, வயதுக்கேற்றபடி, வளர்ப்பவர்களே சொல்ல வேண்டும். சண்டையொன்றில் அயலவர் வாயிலிருந்து கேட்கும் உண்மை பிள்ளையை உடைத்துவிடும்.

புலம்பெயர்ந்தோரின் பணம்

கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிசிலும் உள்ள தமிழ்ச் சபைகள் தாயகத்து இல்லங்களுக்குத் தொடர்ந்து கொடுத்து வருகின்றன. அந்தக் கொடையில் ஒரு மாற்றம் கேட்கலாம். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் வந்தால், கட்டில்கள் வெறுமையாகாமல் இருப்பதே இல்லத்தின் தேவையாகிவிடும். அதற்குப் பதிலாக, எத்தனை பிள்ளைகள் இவ்வருடம் வீடு திரும்பினார்கள் என்று கேட்டுக் கொடுங்கள். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க அனுப்பும் தொகை, அதே பிள்ளையின் தாய்க்கோ அம்மம்மாவுக்கோ மாதாமாதம் கிடைத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

இல்லங்களை ஒரே நாளில் மூட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். வீட்டிலேயே வன்முறைக்கு ஆளான பிள்ளைக்கும், உறவினரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பான இடம் வேண்டும். அந்த இடம் சிறியதாகவும், குறுகிய காலத்துக்கானதாகவும் இருக்கட்டும். இல்லம் நடத்திப் பழகிய அருட்சகோதரிகளும் ஊழியர்களும் பிள்ளைகளை அறிந்தவர்கள். வீடு திரும்பிய பிள்ளைகளைப் போய்ப் பார்த்துவரும் பணிக்கு அவர்களை விடப் பொருத்தமானவர்கள் இல்லை.

எங்கே தொடங்குவது?

பிள்ளையொன்றை வளர்க்கவோ மகவேற்கவோ விரும்புவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் தமது பிரதேச செயலகம். அங்குள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், அப்பகுதிக்குரிய நன்னடத்தை உத்தியோகத்தரும் அடுத்த படிகளைச் சொல்வார்கள். மகவேற்பு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் ஊடாக நடைபெறும். இடைத்தரகர் எவரும் தேவையில்லை. பணம் கேட்பவர் யாராயினும், எந்த அங்கி அணிந்தவராயினும், அவரை நம்ப வேண்டாம்.

ஒரு பங்கு இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தன் எல்லைக்குள் பேரப்பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் முதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எவரிடம் நீதிமன்றக் கட்டளை இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். மதம் பார்க்காமல், வீடு வீடாகப் போய், அந்தக் குடும்பங்களின் சம்மதத்துடன் எடுக்க வேண்டும். பட்டியல் வெளியே போகாமல் பாதுகாக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியலின் முதற்பெயருக்குரிய பிள்ளை இன்று இரவு தன் அம்மம்மாவின் பக்கத்திலேயே படுத்திருக்கும். அந்த அம்மம்மாவுக்கு ஒன்று நேர்ந்தாலும் பிள்ளைக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். அதற்கான வேலையை அவர் உயிருடன் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.